அரிப்பு

ரஸ்தா கேட்டுக்கு அப்பால்
செம்மண் பொட்டலில் எங்கள் ஏழு கூடாரம்.
கரண்டு இன்னும் வரவில்லை.
கல்யாணமாகி வந்த மறுநாள்
சோணை என் கையில் கொடுத்தது
ஒரு துடைப்பம், ஒரு மரத்தட்டு.

விடியுமுன் காரைக்குடிக்கு முதல் பஸ்.
பட்டறைத் தெரு கண் விழிப்பதற்குள்
வாசல் மண்ணைக் கூட்டி அள்ளிவிட வேண்டும்.
பிறகு சாக்கடை, முழங்கால் வரை.
"கடை திறக்கிற நேரம், தள்ளிப் போம்மா" என்பார் ஒருவர்.
அவர் வேட்டியிலிருந்து உதிர்ந்ததைத்தான்
அரித்துக்கொண்டிருக்கிறேன்.

தட்டைச் சுழற்றினால்
முதலில் போவது முடி, பீடித்துண்டு,
அப்புறம் மணல்.
கருமணல் மட்டும் கடைசிவரை மல்லுக்கு நிற்கும்.
அதற்கும் அடியில், இருந்தால்,
கடுகில் கால்வாசி.

பாதரசம் உருட்டித் திரட்டுவது மாமியார் வேலை.
அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.
இந்த மாசியிலிருந்து புட்டி என்னிடம்.
வெறுங்கையால் தொடாதே என்றாள்.
வேறு கை எங்கே இருக்கிறது?
ராத்திரியெல்லாம் விரலிடுக்கில் அரிப்பு.
எங்கள் தொழிலுக்கும் அதே பெயர்தான்.

நேற்று
மூன்று மாதத் தெருவை உருக்கித்
தராசில் வைத்தோம்.
நாலு கிராம் சொச்சம்.
சோணை சிரித்தான், மழைக்கு முன்
தார்ப்பாய் வாங்கிவிடலாம் என்று.

என் காதுத் துளையில் வேப்பங்குச்சி.
விளக்கடியில் தலை வாரி
சீப்பை வெள்ளைத் துணியில் தட்டினேன்.
ஒரு பொடி மின்னியது.
பேன் இல்லை.

சோணையைக் கூப்பிடவில்லை.
துணியை நாலாக மடித்தேன்.