யாரால் என்ற கட்டம்

எங்கள் பக்கம்
"சரிங்" என்றால் சரி என்று பொருளில்லை.
வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன், சிரிக்கச் சிரிக்க.
காதில் விழுந்தது என்று ஒரு சரிங் உண்டு.
நீங்கள் மேலே, நான் கீழே என்று ஒன்று.
எக்கேடோ கெட்டுப் போ என்பதற்கும்
அதே சரிங்தான்,
கடைசியில் அந்த ங் மட்டும் சித்தே நீளும்.

இவ்வளவு தெரிந்தவன்
அரசூர் பவுண்டரியில் மூன்று வருசம் இன்சார்ஜாக இருந்து
ஒருத்தர் வாயிலிருந்தும் அதைப் பிரித்துக் கேட்டதில்லை.

ஐப்பசி. மழை பிடித்த ஒரு செவ்வாய்.
நாற்பது நிமிசம் கரண்ட் இல்லை.
கோர் ஓவன் பாதிச் சூட்டில் நின்று
மெதுவாகத் திரும்ப ஏறிக்கொண்டிருந்தது.
விடிந்தால் லாரி. அறுபத்து நான்கு பம்ப் கேசிங்.
மயிலாத்தாள் வந்து நின்றாள்,
சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டை.
கையிலிருந்த கோரை
சந்தையில் தேங்காய் தட்டுவதுபோல் தட்டிக் காட்டினாள்.
"உள்ளே இன்னும் ஈரமாட்டத் தெரியுதுங்."
நான் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.
"அடுப்புல இரும்பு கொதிக்குது. ஈரத்தைப் பேசறீங்களா? வைங்க."
"சரிங்."

ங் நீண்டிருக்கிறது.
இப்போதுதான் கேட்கிறது.

மறுநாள் உடைத்து, தட்டி, மண் உதிர்த்துப் பார்த்தால்
ஒவ்வொரு கேசிங்கிலும்
கறையான் குடைந்த மாதிரி பொத்தல்.

ரிஜக்‌ஷன் நோட்டில் ஐந்து கட்டம்:
தேதி, பாகம், எண்ணிக்கை, குறை, யாரால்.
நாலு கட்டத்தை யோசித்துத்தான் எழுதுவேன்.
ஐந்தாவதில் மட்டும் பேனா தானாக ஓடும்.
ஓடியது: கோர் ஷாப், மயிலாத்தாள்.

யார் பேரோ அவர் கையெழுத்துப் போட வேண்டும்.
வந்தாள். கையைச் சட்டையில் துடைத்தாள்.
என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை.
ஒவ்வொரு எழுத்தாக, புள்ளி எண்ணிக் கோலம் இழுப்பதுபோல்
ம, யி, லா…
கடைசி ள் கட்டத்துக்குள் கொள்ளாமல்
கோட்டைத் தாண்டி ஓரத்துக்குப் போய்விட்டது.
"தாண்டிப் போச்சுங்" என்றாள்,
தப்புச் செய்தவளாக.

அந்த ள்தான்.
அதற்குமேல் நோட்டை மூட முடியவில்லை.
அடித்துவிட்டு எழுதினேன்:
ப. சண்முகவடிவேல், இன்சார்ஜ். சொல்லியும் கேட்காததால்.

"இதென்ன புதுப் பழக்கம்?" முதலாளி சிரித்தார்.
அந்த மாதச் சம்பளத்தில் சிரிப்பு இல்லை.
"இதுல என்னமோ சூது இருக்குது" என்று
மெல்ட்டிங் நாச்சிமுத்து டீ டம்ளரோடு
அக்கட்டாலே போய்ச் சொன்னது
இக்கட்டாலே என் காதுக்கு வந்தது.

ஒரே நாளில் திருந்திய மேஸ்திரியை
யார் நம்புவார்? நானே நம்பவில்லை.
அடுத்த வாரமே மோல்டிங்கில் ஒரு பையனை வைது தீர்த்தேன்.
மன்னிப்புக் கேட்க மனசு வர ரெண்டு நாள் ஆனது.
கேட்கப் போன அன்று
அவன் லீவு போட்டு ஒடிசாவுக்கு ரயில் ஏறியிருந்தான்.

செய்ததெல்லாம் இவ்வளவுதான்.
தினம் அஞ்சு மணிக்கு போனை மேசையில் வைத்துவிட்டு
கோர் ஷாப்புக்கு நானே நடந்தேன்.
"ஆகுமா?" என்று கேட்பதை விட்டு
"எது ஆகாது?" என்று கேட்டேன்.
பதினேழு நாளும் ஒரே பதில்: "எல்லாம் ஆகுங்."

பதினெட்டாம் நாள்,
உள்ளே இரும்பு உருகித் தயாராக இருக்க
வாசலில் லாரிக்காரன் ஹாரனை விடாமல் அமுக்க,
மயிலாத்தாள் ஒரு கோரைத் தட்டினாள்.
காதோரம் வைத்து இன்னொரு தரம் தட்டினாள்.
"ஆகாதுங்."

பொய் சொல்ல மாட்டேன், வயிறு பற்றி எரிந்தது.
வாய்வரை வந்ததை எச்சிலோடு முழுங்கிவிட்டு
"சரிங்" என்றேன்.

கோரைக் கீழே வைக்காமல்
அவள் என்னையே பார்த்தாள்,
எந்தச் சரிங் என்று.