எழுபத்தைந்து என்கிறது உப்பு

சாக்கிநாக்காவில் மூன்றாம் மாடி.
கீழே பை தைக்கிறார்கள், மேலே தகரக் கூரை.
நடுவில் இருநூறு சதுர அடியில்
பேசில் வளர்க்கிறோம்,
பாந்த்ராவில் யாரோ பாஸ்தா மேல் கிள்ளிப் போட.

சுவரில் இரண்டு ஈரமானிகள்.
ஒன்று எழுபத்தொன்று என்றது, மற்றது அறுபத்திநாலு.
பொய்யன் யாரென்று தெரியாமலே
ஒரு மாதம் போனது.
ஒரு வரிசைச் செடியும் போனது,
அடித்தண்டில் சாம்பல் பூத்து.

பிறகுதான் உப்பு.
பாட்டில் மூடியில் ஒரு கரண்டி, சில சொட்டுத் தண்ணீர்.
கரையக் கூடாது, நனைந்த மணல்போல இருக்க வேண்டும்.
மானிகளோடு டப்பாவில் அடைத்து ஓர் இரவு வைத்தால்
உள்காற்று எழுபத்தைந்தில் வந்து நிற்கும்.
தூத்துக்குடி உப்பானாலும், பாக்கெட் உப்பானாலும்
எழுபத்தைந்து.
காலையில் ஒன்று எழுபத்தைந்து, மற்றது அறுபத்தெட்டு.
பொய்யன் நெற்றியில் மார்க்கரால் எழுதினேன்:
ஏழு கூட்டு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள்.
நான் உப்பையே நினைக்கிறேன்.

வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்:
"ஜன்னலைத் திற, செடி மூச்சு விடட்டும்."
சட்டைப்பையில் பஸ் டிக்கெட் கூழாகும் ஜூலை.
வெளியே தொண்ணூற்றாறு.
திறந்தால் அரபிக்கடல் உள்ளே வந்து உட்காரும்.
டேப் போட்டு அடைத்துவிட்டோம்.

செடிக்கு மூச்சு முட்டுவதில்லை.
அது விடுகிற மூச்சுதான் எங்களுக்கு முட்டுகிறது.
பத்து லிட்டர் குடித்தால்
ஒன்பதை இலைவழியே திருப்பித் தந்துவிடும்,
கடன் வைக்காத சாதி.
விளக்கணைந்த அரைமணியில் முள் ஏறும்.
மூலையில் மெஷின் உறிஞ்சி உறிஞ்சி
இரவுக்கு ஒரு வாளி.

அதைத் தூக்கிக் கொட்டுகிறவள் ஸ்னேஹல்.
"பியூலா தாயி, இது மழைத் தண்ணியா, செடித் தண்ணியா?"
(தாயி என்றால் அவள் மொழியில் அக்கா.)
நம்ம வேர்வையும் கொஞ்சம் இருக்கும் என்றேன்.
அன்றிலிருந்து வாளியை
முகத்தைத் திருப்பிக்கொண்டே கொட்டுகிறாள்.

பதினேழாம் தேதி, ராத்திரி ஒன்றேகால்.
கரண்ட் போனது.
மெஷின் நின்றது. மானி நிற்கவில்லை,
அதற்கு பேட்டரி.
எழுபது. எழுபத்தொன்பது.
மெழுகுவர்த்தி ஏற்றப் போனவளைத் தடுத்தேன்,
சுடரும் ஈரம் விடும்.
எண்பத்தாறு.
அழுகை வந்தது.
வெளியே போய், படிக்கட்டில் நின்று அழுதுவிட்டு
முகம் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

பிறகு கத்தரிக்கோல்.
இலை பாதியானால் வேர்வை பாதி.
போன் வெளிச்சத்தில் ஒன்று விட்டு ஒன்று,
இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால்
நாற்பது ரூபாய், நாற்பது ரூபாய் என்று
நறுக்கிக்கொண்டே போனோம்.
விரலெல்லாம் கிராம்பு வாசம்.

தையல் நின்று கீழ்ப்படியில் பதினொரு பேர்.
இரண்டு மூட்டையை இறக்கி வைத்தோம்.
தர்பங்கா முஸ்தகீம் முகர்ந்து பார்த்து,
"துளசியா?" என்றார்.
துளசிக்குத் தூரத்துச் சொந்தம்.
அவர்கள் சிரிக்கவில்லை, அடுப்பைப் பற்றவைத்தார்கள்.
மசூர் பருப்பில் பாந்த்ரா வெந்தது.
உப்புப் போதவில்லை என்றார் ஒருவர்.
மேலே ஓடி
மானிக்கு வைத்திருந்த பாக்கெட்டை எடுத்து வந்தேன்.

விடியற்காலை ஐந்துக்குக் கரண்ட் வந்தது.
மெஷின் இரண்டு முறை இருமியது,
பிறகு வாளியில் ஒரு சொட்டு.
சரியான மானி எண்பத்தெட்டு என்றது.
ஸ்னேஹல் ஸ்டூலிலேயே தூங்கிவிட்டாள்.
நான் அன்று மட்டும்
ஏழைக் கூட்டாமல்
பொய்யனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
எண்பத்தொன்று.