முப்பத்தாறு கிலோவாட்

பெங்களூரா ஏற்றிய வண்டிகள்
காவேரிப்பட்டணம் சாலையில் கால் மைல் நிற்கின்றன.
உள்ளே கம்ப்ரசர் இரண்டு மணிக்கு நின்றுவிடுகிறது,
தினமும், சாப்பாட்டு மணி அடித்த மாதிரி.
"பெரிய ஃபேனா ஒண்ணு போட்டுக் குடுங்க"
என்கிறார் முதலாளி சந்திரசூடன்.
பழம் பொறுக்குமா என்ற கவலையில்
அவரே பாதி பழுத்திருக்கிறார்.

இயந்திர அறையின் கதவை இழுக்க
எனக்கு இரண்டு கை வேண்டியிருந்தது.
கீல் துரு, என்றார் ஆபரேட்டர் மாதப்பன்.
மூன்று வருடமாக எண்ணெய் விடுகிறாராம்.
உள்ளே நுழைந்ததும் கதவு முதுகில் அறைந்து
தானே சாத்திக்கொண்டது.
சுவர் முள் ஐம்பத்தெட்டு டிகிரியில்.

டயரியை முழங்காலில் வைத்துக் கணக்கு:
மோட்டார் இரண்டு,
ஒவ்வொன்றும் இருநூற்றிருபது கிலோவாட்.
அதில் நூற்றுக்கு ஏழு வேலைக்குப் போகாமல்
வெறும் சூடாக வீட்டிலேயே தங்கிவிடும்.
இரண்டுக்குமாக முப்பத்தொன்று.
மின்பலகை மூன்று. குழாய்கள் இரண்டு.
முப்பத்தாறு.
நிமிர்ந்தால், மாதப்பன்
நெற்றி வேர்வையை விரலால் வழித்துச் சுண்டுகிறார்.
ஓர் ஆள், நூறு வாட்.
விசிறியின் அளவு அதனால் இம்மியும் மாறாது.
ஆனாலும் எழுதினேன். அடிக்கவில்லை.

வெளியே நாற்பது.
கருங்கல் குன்றுகள் காலையிலிருந்தே காய்கின்றன.
அந்தக் காற்றைத்தான் கூப்பிட வேண்டும்,
வேறு காற்று நம்மிடம் இல்லை.
வந்தது ஆறு டிகிரி சுமந்து வெளியேறலாம் என்றால்
நொடிக்கு ஐந்து கன மீட்டர்.
"அப்ப ரூம் ஜில்லுன்னு ஆயிடுமா மேடம்?"
ஆகாது, நாற்பத்தாறு ஆகும்.
வெளியில் இல்லாத குளிரை
விசிறி எங்கே போய்க் கடன் வாங்கும்?

ஏற்கெனவே சுழலும் விசிறியின் தகட்டைத் துடைத்தேன்.
ஐந்தரை.
ஐந்தரை இருக்கிறதே, பிறகு ஏன்?

அப்போதுதான் கதவு ஞாபகம் வந்தது.
துருவே இல்லை அது.
காற்றுக்குத் தவித்து
அறை உறிஞ்சிப் பிடித்திருந்த கதவு.
ஓயாமல் மூச்சை விடச் சொல்லிவிட்டு
மூக்கைப் பொத்தியிருக்கிறோம்.

வடக்குச் சுவரில், காலிக் கிரேட்டுகளுக்குப் பின்னால்,
கோணிச்சாக்கு அடைத்த ஒரு ஜன்னல்.
"ஈ வருதுன்னு ரூத் மேடம்தான் அடைக்கச் சொன்னாங்க."
ரூத் வந்தாள், கோபமாகத்தான் வந்தாள்.
கூழில் ஓர் ஈ கிடந்தால்
கன்டெய்னர் மொத்தமும் திரும்பி வரும் என்றாள்.
அதுவும் சரி.
சாக்கின் முன்னால் நின்று
ஈக்கும் காற்றுக்கும் நடுவே
ஒரு வலையைப் பேசி முடித்தோம்.
வலையும் சட்டமும் பாதியை மறிக்கும்,
ஆகவே இரண்டு வேண்டிய இடத்தில் நான்கு சதுர மீட்டர்,
தரையை ஒட்டி, பாய்லர் புகை வராத பக்கம்.

"செவுத்துல அவ்ளோ பெரிய ஓட்டையா?"
ஃபேனுக்கென்று எடுத்துவந்த பணத்தை
சந்திரசூடன் சட்டைக்குள் தள்ளிக்கொண்டார்.
ஓட்டைக்குக் காசு கொடுக்க
யாருக்கும் மனசு வருவதில்லை.
நாளைக்குப் பார்க்கலாம் என்றார்.

இன்றைக்குச் சாக்கை மட்டும் உருவினோம்.
மூன்று மணி. கம்ப்ரசர் நிற்கவில்லை.
முள் ஐம்பத்தொன்றில்.
மாதப்பன் வெளியே போய்க் கதவை இழுத்தார்,
ஒரு கை போதுமாக இருந்தது.
சாத்தினார். மறுபடி இழுத்தார்.
பிறகு எண்ணெய்க் கிண்ணியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையிலேயே வைத்துக்கொண்டு
நின்றார்.