பதினேழாம் நிலை

சீட்சே பாலம் தூக்குகிறவன்.
படகு வந்தால் சிவப்பு விளக்கு, மணி, நெம்புகோல்.
தூண்டிற்கோலில் ஒரு மரச்செருப்பைக் கட்டி இறக்குவான்,
படகுக்காரர் அதில் காசு போடுவார்.
மிச்ச நேரமெல்லாம் கண்ணாடிக் கூண்டுக்குள்
தான் எழுதிய செஸ் எஞ்சினுக்குப் பரீட்சை.

இருபத்துநான்கு நிலைகள். ஒவ்வொன்றுக்கும்
ஒரே ஒரு சரியான நகர்வு, பத்து நிமிடம்.
கண்டுபிடித்த வினாடியைப் பென்சிலால் குறிப்பான்.
மூன்றாம் நிலை, நாற்பத்தொன்று.
ஒன்பதாம் நிலை, ஆறு. அன்றைக்குக்
கூண்டிலிருந்தே எனக்கு போன் வந்தது.
பதினேழுக்கு நேரே மட்டும்
எப்போதும் ஒரு சின்னக் கோடு.

பதினேழு என்னுடைய ஆட்டம்.
ஸ்னேக் நகரக் கழகத்தில், எண்பத்தைந்து பிப்ரவரி,
கால்வாய் கல்லாய் உறைந்திருந்த ஓர் இரவு,
அவன் வெள்ளை, நான் கறுப்பு.
இருபத்திரண்டாம் நகர்வில் கைகுலுக்கிச் சமன் செய்தோம்.
வீட்டுக்குப் போகும் வழியில், சைக்கிள் மேல்,
குதிரையை எஃப் ஏழில் வெட்டுக் கொடுத்திருக்கலாமே என்று
அவனுக்குப் பட்டிருக்கிறது.
அன்றிலிருந்து நான்
தப்பித்தவன்.

என் கல்யாணத்தில்கூட அப்படித்தான் அறிமுகம் செய்தான்.

எஞ்சின் ஒப்பவில்லை.
குதிரையைத் தொடவே தொடாது.
யானையை ஒரு கட்டம் தள்ளிவைத்துவிட்டுப்
பூஜ்யம் காட்டும். சமன்.
"இதற்குத் துணிச்சல் போதாது" என்றான்.
ராஜாவுக்கு வரும் ஆபத்தின் எடையைக் கூட்டினான்,
சிப்பாயின் விலையைக் குறைத்தான்,
ஒரு குளிர்காலம் முழுக்கத் திருகித் திருகி
ஒருநாள் அது குதிரையைத் தூக்கி எறிந்தது,
நாலே வினாடியில்.
இருபத்துநான்குக்கு இருபத்துநான்கு.
கேக் வாங்கி வந்தான்.

அந்த வசந்தத்தில் ஹெங்கெலோவில் எஞ்சின்களுக்குப் போட்டி.
ஒன்பது ஆட்டம், ஏழு தோல்வி.
யார் ராஜாவைக் கண்டாலும் பாய்ந்தது,
கேட்காதவர்களுக்கும் குதிரையைத் தானம் செய்தது.
நான் பால்பண்ணை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன்.
மாதிரிக் குப்பிக்கென்று தீவனம் போட்டால்
குப்பிதான் கொழுக்கும், மாடு இளைத்துப்போகும்.
சொல்ல வாயெடுத்தேன், விட்டுவிட்டேன்.
தப்பித்தவன் பேச்சு எங்கே எடுபடும்?

போன வாரம், மகள் ரிக்ஸ்ட்யே தந்த புதுக் கணினியில்,
திருகாத பழைய எஞ்சினை ஏற்றி
ராத்திரி முழுக்க ஓடவிட்டிருக்கிறான்.
காலையில் மழையோடு என் வாசலில் நின்றான்.
மழைக்கோட்டைக் கழற்றவில்லை.

"ராஜா குதிரையை வெட்டுகிறான். ராணி செக்.
ஜி எட்டுக்கு ஒதுங்குகிறான். இதுவரை தெரிந்ததுதான்.
பதினோரு நகர்வு தள்ளி, ஊபெலே,
ஏ ஆறில் ஒரு சிப்பாய். வெறும் சிப்பாய்.
அதற்குமேல் எனக்கு ஒன்றுமே இல்லை.
தோற்றிருப்பேன்."

காப்பி வைத்தேன்.
கேள்வித்தாளைத் திருத்துவதா, பதினேழைக் கிழிப்பதா,
பத்தொன்பது வருஷமாய் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்
தவறு என்று எழுதிய கையை என்ன செய்வது.
கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு மணியைப் பார்த்து
படகு வந்துவிடும் என்று ஓடினான்.

அவன் போனதும் பலகையை விரித்தேன்.
குதிரையை வெட்டினேன், செக் வாங்கினேன், ஒதுங்கினேன்.
மூன்று ராத்திரி உட்கார்ந்தேன்.
ஏ ஆறு என் கண்ணுக்குத் தட்டுப்படவேயில்லை;
விடை தெரிந்தும், கை வேறு காயைத்தான் தேடியது.

இதை சீட்சேயிடம் இன்னும் சொல்லவில்லை.