கோர்ட் கலையும்வரை

தண்டனை முடிந்து அன்றைக்குப் பதினெட்டு நாள்.
"முடிஞ்சதுக்கு எதுக்கும்மா அப்பீல்?" என்றார்
வக்கீல் குமாஸ்தா தெனப்பன்.
ஐந்நூறு ரூபாய் அபராதம், கட்டியாயிற்று.
கோர்ட் கலையும்வரை சிறை,
அதையும் இருந்து தீர்த்தாயிற்று,
காரைக்குடி நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில்,
ஜீவனாம்ச வழக்கு ஒன்றும்
மணல் லாரி வழக்கு மூன்றும் கேட்டபடி.
ஐந்தே முக்காலுக்கு ஐயா எழுந்தார்.
நானும் எழுந்தேன்.
எல்லாரும்தான் எழுந்தார்கள்.
அதில் யாருக்கு விடுதலை என்று பார்த்தால் தெரியாது.

தீர்ப்பு நகல் வாங்கிப் படித்தேன்.
முதல் வரியிலிருந்தே நான் எதிரி.
எதிரி செக்காலை ரோட்டிலுள்ள கடைக்குள் நுழைந்து,
எதிரி தன் குடைக்குள் மறைத்து...
யாருக்கு எதிரி?
ஒன்பது வருஷமாக அந்தக் கடையில்தான்
மெஸ்ஸுக்குச் சாமான் எடுக்கிறேன்.

ஏலக்காய், இருபது கிராம், தொண்ணூற்றாறு ரூபாய்.
சான்றுப்பொருள் ஒன்று.
உறைக்குள்ளேயே பொட்டலம் கிழிந்திருக்க வேண்டும்,
பிரித்த அன்று கோர்ட் முழுக்கப் பாயச வாசனை.
ஏட்டையா எச்சில் விழுங்கியதைப் பார்த்தேன்.
அது தீர்ப்பில் இல்லை.

கையில் தொங்கிய குடைக்குள்
அது தானாக விழுந்தது. சத்தியம்.
பில் போடும் இடத்தில்
குடைக்குள் சரசரத்தது. இதுவும் சத்தியம்.
பையன் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான்.
உடைந்த ஜக்குக்காக
மெஸ் முதலாளி சம்பளத்தில் பிடித்த நூறு ரூபாய்
ஏனோ அப்போது ஞாபகம் வந்தது.
அவ்வளவு நேரம்தான்,
வாசல் வரை.

அதை எங்கே எழுதுவது?
மேல்முறையீட்டு மனுவில் ஏழு காரணங்கள்.
கேமராவில் முதுகு மட்டுமே தெரிகிறது.
மகஜரில் சாட்சியின் கையெழுத்து இரண்டு விதம்.
எல்லாம் உண்மை.
ஒன்றுகூட என்னுடையது இல்லை.
"வாசல் வரைக்கும்..." என்று ஆரம்பித்தேன்.
வக்கீல் சிவகாமசுந்தரி பேனாவை மூடிவிட்டார்.
"கேக்காததுக்குப் பதில் சொல்லாதீங்க."

சிவகங்கையில் எனக்குப் புதுப் பெயர்:
மேல்முறையீட்டாளர்.
டவாலி மூன்று தடவை கூப்பிட்டார்,
மங்கையர்க்கரசீ என்று கடைசியை இழுத்து,
கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற மாதிரி.
போய் நின்றேன்.
ஜனவரி பத்தொன்பதுக்கு வாய்தா.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.
என் குடை சான்றுப்பொருள் இரண்டு,
காரைக்குடியில், நம்பர் கட்டி, பீரோவுக்குள்.
திருப்பிக் கேட்கலாமா என்றேன்.
கேட்கலாம்,
அதற்குத் தனி மனு.