பக்கவாட்டில் திறக்கும் கதவு

இயந்திரம் ஓடும்போது கராஜ் கதவு திறந்திருக்க வேண்டும்.
புகை ஆளைக் கொல்லும், அதுவும் அரவமில்லாமல்.
புல் வெட்டும் எந்திரம், பனி தள்ளும் எந்திரம்
பழுது பார்த்துப் பிழைப்பவள் நான்.
ஓஹையோ ஆற்றின் இந்தக் கரையில்
என் கராஜுக்கு முன்னால் பதினெட்டடி சிமெண்டுத் தரை,
அதை அடுத்து நெடுஞ்சாலை,
அதில் இரவும் பகலும் நிலக்கரி லாரிகள்.

ஓப்பல் வந்தது அக்டோபரில்.
பந்தயத்தில் ஓடித் தீர்ந்த நாய்.
காதுகளுக்குள் பச்சை குத்திய எண்கள்,
பின்தொடையில் மயிர் முளைக்காத வழவழப்பு.
வீட்டுக்குள் தனியே விட்டால் அழுவாள்,
அடுப்பில் மறந்த கெட்டில் மாதிரி.
கராஜில், என் காலடியில், பழைய மெத்தையில்
கிடக்கவிட்டால் போதும்.

கட்டிப்போடு என்றார் பக்கத்து வீட்டு எமரி ஸ்டாஹல்.
கூடாது.
தத்துக் கொடுத்தவர்கள் கையெழுத்தே வாங்கியிருந்தார்கள்:
மூன்று எட்டில் முழு வேகம் எடுக்கும்,
கயிறு முடிகிற இடத்தில் கழுத்தும் முடியும்.

குழந்தைகளுக்கு வைக்கிற தடுப்பை வைத்தேன்.
வாசற்படி தாண்டும் மணப்பெண்போல
அலட்டாமல் தாண்டினாள்.
ஆரஞ்சு நிறப் பனிவலை கட்டினேன்.
மூக்கால் ஒரு தள்ளு, வலை மடங்கிப் படுத்தது.
ஒட்டுப்பலகையை நிறுத்தினேன்.
அதில் தடுக்கி விழுந்தது நான்.
மோவாயில் மூன்று தையல்.

பிறகு அந்த வியாழன் காலை.
பொத்தானை அழுத்தினேன்.
கதவு முழங்கால் உயரம்கூட எழவில்லை,
அடியில் புகுந்து போய்விட்டாள்.
ஓப்பல் என்று கத்த வாயெடுத்தேன்,
ஓ என்பதற்குள் தார்ச்சாலை விளிம்பில் இருந்தாள்.
லாரி ஒன்று ஹாரனில் கையை வைத்தபடியே கடந்தது.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
சொல்ல வெட்கம்தான், மூடிக்கொண்டேன்.

திறந்தபோது
சாலை ஓரமாகவே இடப்பக்கம் திரும்பியிருந்தாள்.
எமரி வீட்டைத் தாண்டி மறுபடி இடம்,
கேஸ் தொட்டிக்குப் பின்னால் மறுபடி இடம்,
எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே வந்து
மீண்டும் இடம்.
இரண்டு சுற்று.
பல் துலக்கும் பிரஷ்ஷோடு எமரி ஜன்னலில் நின்றார்.
மூன்றாவது சுற்று இல்லை.
என் சிமெண்டுத் தரையில் வந்து நின்று
மேலும் கீழும் விலா இரைக்க
யாரையோ தேடினாள்.
முடிந்தது என்று சொல்லவேண்டிய யாரையோ.

அன்று வேலை ஓடவில்லை.
தலைகீழ் வாளியில் உட்கார்ந்து யோசித்தேன்.
ஊர் சுற்றிப் பார்க்கவா போனாள்?
இருட்டான பெட்டி,
முன்னால் ஒரு கதவு,
அது மேலே எழும்,
வெளிச்சம்.
எழுந்தால் ஓடு:
ஆயுசில் அவளுக்குக் கற்பித்தது அதுதான்.
அந்தப் பாடத்தைத் தினமும் காலை எட்டு மணிக்கு
நானல்லவா பொத்தானை அழுத்தி
ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.

எமரியின் பன்றித் தொழுவத்துக் கம்பித் தட்டிகள் இரண்டு,
ஐந்தடி உயரம். இரும்புக் காலை நானே பற்றவைத்தேன்.
மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி,
அடியில் கடைச்சக்கரம் ஒன்று.
உள்பக்கமாக, பக்கவாட்டில் திறக்கும்.
கதவை ஏற்றும்வரை ஓப்பல் சமையலறையில்.
ஏற்றி, தட்டியைச் சாத்தி, இரண்டு கொக்கியையும்
இழுத்துப் பார்த்த பிறகே அவளைக் கூட்டிவருவேன்.
ரேடியேட்டர் திரவம் இனிக்குமாம் நாய்களுக்கு;
அது இப்போது உத்தரத்துக்குப் பக்கத்து அலமாரியில்.
பொத்தான்மேல் டப்பா மூடி ஒன்றை ஒட்டிவிட்டேன்,
கை பழக்கத்தில் போய்விடக் கூடாதே.

வாடிக்கையாளர்கள் வருகிறார்கள்,
தட்டி கிரீச்சிட்டு விலகுகிறது.
தலையைத் தூக்கிப் பார்க்கிறாள், மறுபடி போட்டுக்கொள்கிறாள்.
பக்கவாட்டில் திறப்பது எதுவும்
அவள் படித்த பாடத்தில் இல்லை.
கொக்கியை மறந்த நாளும் ஒன்று உண்டு.
அதைப் பற்றி எமரியிடம் பேசுவதில்லை.

ஆறு மணிக்கு விளக்கணைத்து
கதவை இறக்குகிறேன்.
அது இறங்குவதை மட்டும்
காதை நிமிர்த்தி முழுக்கப் பார்க்கிறாள்.
அடி ரப்பர் தரையைத் தொட்டதும்
இருட்டில் ஒரு பெருமூச்சு கேட்கிறது.
அவளா, நானா
என்று சரியாகத் தெரியவில்லை.