மூன்றுக்கு மேல்

அக்டோபர் முதல் வாரம்.
மின்னசோட்டாவின் வடக்கே
தண்ணீர் விரலைக் கடிக்கும் காலம்.
கரையிலிருந்து நானூறு கெஜம் தள்ளி
மோட்டார் முனகத் தொடங்கியது.
நின்றுவிடவில்லை.
நின்றிருந்தால் திட்டியாவது இருக்கலாம்.
ஐந்தில் வைத்தேன், மூன்றின் வேகம்.
நாலில் வைத்தேன், அதுவும் மூன்றின் வேகம்.
காற்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல்
நாணல் பக்கம் தள்ளிக்கொண்டு போனது.

"பேட்டரி போச்சு" என்றான் டெரில்.
எது கெட்டாலும் அவனுக்குப் பேட்டரிதான்.
போன வருஷம் லோர்னா வீட்டைவிட்டுப் போன மறுநாள்
தன் பிக்கப்புக்குப் புதுப் பேட்டரி வாங்கி வந்தான்.

ஒற்றைத் துடுப்பில் ஆள் மாற்றி ஆள் போட்டு
படகுத்துறைக்கு வந்து சேர
முக்கால் மணி நேரம்.

முதலில் விசிறியைக் கழற்றினேன்.
பின்னால், தண்டைச் சுற்றி,
சிலந்தி முட்டைபோல் ஒரு தூண்டில் நரம்பு உருண்டை.
பச்சை.
நான் பச்சை நரம்பு வாங்கியதே இல்லை.
பேனாக்கத்தியால் அறுத்தெடுத்து
கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்தேன்.
டெரில் கைகூடத் தட்டினான்.
மாட்டி ஓட்டினால்
அதே முனகல்.

மீட்டரை எடுத்துப் பேட்டரியில் வைத்தேன்:
பன்னிரண்டு புள்ளி ஏழு.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
ஆனால் சும்மா கிடப்பவனிடம்
நலமா என்று கேட்டால் நலம் என்றுதானே சொல்வான்.

படகைத் தூணில் கட்டினோம்.
ஐந்தில் வைத்ததும் கயிறு விறைத்தது,
தூண் முனகியது, அடியில் சேறு கலங்கியது.
இப்போது கேட்டேன்.
பேட்டரியில் பன்னிரண்டு புள்ளி இரண்டு.
முன்னணியத்தில், மோட்டார் செருகும் இடத்தில்,
பத்து புள்ளி நாலு.
நடுவே பன்னிரண்டடி வயர்.
கிட்டத்தட்ட இரண்டு வோல்ட்டை
வழியில் யாரோ உட்கார்ந்து தின்கிறார்கள்.

கையுறையைக் கழற்றிவிட்டு
வயரைத் தடவிக்கொண்டே போனேன்.
குளிர்.
குளிர்.
குளிர்.
முன்தளக் கம்பளத்துக்கு அடியில்
தூங்கும் பூனையின் வயிறுபோல்
ஒரு சூடு.

கறுப்பு டேப், பசை உருகி, நகத்தில் ஒட்டியது.
உள்ளே இரண்டு வயர்கள், அழுத்திப் பொருத்தாமல்
வெறுமனே முறுக்கிவிட்டவை.
ஒன்று தடியானது, மற்றது
யாரோ வீட்டு மேசை விளக்கிலிருந்து வெட்டியது.
இடையில் பச்சைப் பொடி.
ஊதினேன், தும்மினேன்.

படகை வசந்தத்தில் எனக்கு விற்றவர் ஆர்விட் சுண்டே.
டுலூத்தில் மகள் வீட்டுக்கு அருகே ஃபிளாட்டுக்குப் போய்விட்டார்.
கோபத்தோடுதான் அழைத்தேன்.
பின்னணியில் டிவியில் யாரோ ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.
"அப்படியா மார்னா? ஆறு வருஷமா
எனக்கு ஒரு தொந்தரவும் கொடுக்கலையே."
பிறகு கொஞ்ச நேரம் ஏலம் மட்டும் கேட்டது.
"நான் அதை மூணுக்கு மேல வைச்சதே இல்ல."

பொய்யில்லை. மீட்டர் அதையும் சொல்லும்:
மூன்றில் கரண்டு குறைவு,
குறைந்த கரண்டுக்கு அந்த முறுக்கு போதும்.
எது ஒத்துக்கொள்ளுமோ அதற்கு மேல்
கேட்காமலே ஆறு வருஷம் ஓட்டியிருக்கிறார்.
என்ன சொல்லித் திட்டுவது?
வைக்கப் போகும்போது அவர்தான் கேட்டார்:
"சரி பண்ணினதும் சொல்லு,
அஞ்சுல எப்படிப் போகுதுன்னு."

தடித்த வயர், செம்புக் குழல், இடுக்கி.
டெரில் டார்ச் பிடித்தான், பாதி நேரம் என் கண்ணில்.

சனிக்கிழமை ஐந்தில் வைத்தேன்.
முன்னணியம் சட்டென்று திரும்ப
டெரிலின் தொப்பி பறந்தது.
காற்றுக்கு நேர் எதிரே போனோம்,
போக வேண்டிய காரியம் ஒன்றுமில்லாமல்,
அந்தக் கரையின் பிர்ச் மரங்கள் வரை,
திரும்பி, மறுபடியும்,
தொப்பியை எடுக்க ஒருமுறை.

வால்ஐ மீனுக்கு அவசரம் ஆகாது.
தூண்டிலைப் போட்டதும்
மூன்றுக்குத் திருப்பினேன்.

"காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது" என்று
ஆர்விட்டுக்குச் செய்தி அனுப்பினேன்.
மூன்றைப் பற்றி எழுதவில்லை.